ஏழாம் நம்பர் மனை

ஜனவரி 19, வெள்ளி

இன்ஜினியர் பர்வீன் இன்று மதிப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் மகள் யாழினியைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். ஆனால் பேச்சில் பூசி மெழுகுவது கிடையாது. ஆயிரத்து நூறு சதுர அடி, அடிக்கு இரண்டாயிரத்து முந்நூறு. இருபத்தைந்து லட்சத்து முப்பதாயிரம்.

"இது வீடு மட்டுந்தாங்க்கா. காம்பவுண்டு, போர், தண்ணித் தொட்டி, கரண்டு, பிளான் அப்ரூவல் எல்லாம் தனி. மொத்தம் முப்பதுன்னு மனசுல வெச்சுக்குங்க."

பேங்க் லோன் இருபத்திரண்டு. இவருடைய பி.எஃப். ஐந்து. என் சீட்டு இரண்டு. ஒரு லட்சம் இடிக்கிறது. இவர் பேனாவை வாங்கி, பின்பக்கம் டூல்ஸ் வைத்துக்கொள்ளக் கேட்டிருந்த சின்ன அறையைத் தானே அடித்துவிட்டார். டெப்போவில் நாள் முழுக்க பஸ்ஸோடு மல்லுக்கட்டுகிறேன், வீட்டிலும் எதற்கு என்றார். யாழினி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து போனில் கத்தினாள்: "என் ஜன்னல் மேடைல கை வெச்சீங்கன்னா நான் வீட்டுக்கே வர மாட்டேன்." அது பதினெட்டாயிரம். கை வைக்கவில்லை.

பர்வீன் என்னை நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடித்து அளந்தாள். என் உயரம் நாலடி பத்து அங்குலம். வாடகை வீடுகளில் சமையல் மேடைக்கு எட்டாமல் இருபத்திரண்டு வருஷமாகப் பலகை போட்டு ஏறி நின்று சமைக்கிறேன். "உங்களுக்கு முப்பது இஞ்சுல மேடை போட்டாப் போதும்க்கா" என்று எழுதிக்கொண்டாள். எனக்கென்று ஒருவர் அளவெடுத்தது கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் தைத்தபோதுதான்.

மனையைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். அப்பாவின் காடு அது. அவர் இறந்த பிறகு அண்ணன் சென்னியப்பன் அதை மனைகளாகப் பிரித்துப் போட்டார். அப்போது, சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். எங்கள் பக்கம் பெண்கள் எல்லோரும் போட்டுக் கொடுப்பதுதான். அதில் எழுத ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மனைகளில் ஏழாம் நம்பரை அண்ணனிடமே பதினாலு லட்சத்துக்கு வாங்கினோம். மற்றவர்களுக்கு சென்ட் மூன்று லட்சத்து முப்பதாயிரம், எங்களுக்கு இரண்டு எண்பது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு மனை இருந்தது. அதை வாங்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன். இவர்தான் பிடிவாதமாக இதையே வாங்கினார். ஏன் என்றால், "காத்தோட்டமா இருக்குது" என்பார்.

ஜனவரி 26, வெள்ளி

வாஸ்து நாள். பூமி பூஜை நல்லபடியாக முடிந்தது. அண்ணனும் ருக்குமணி அண்ணியும் வந்தார்கள். அண்ணன் ஐயாயிரத்து ஒன்று கவரில் வைத்துக் கொடுத்தார். பூஜை நடக்கும்போது குழிக்குப் பக்கத்தில் வரவில்லை, ரோட்டிலேயே நின்றார். வேலை இருப்பதாகச் சொல்லிச் சாப்பிடாமல் போனார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அண்ணன் காரில் ஹாரன் அடித்துவிட்டார்.

பிப்ரவரி 8, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

அஸ்திவாரக் குழி எடுக்க ஜேசிபி வந்தது. காலையில் மூன்று குழி, ஒன்றும் பிரச்சினை இல்லை. நான்காவது, நடு ஹாலுக்கு வரும் தூண். ஐந்தடி தோண்டியதும் மண் மாறியது. உடைந்த ஓடு, பாலிதீன் பை, பழைய செங்கல், ஒரு சைக்கிள் டயர். "குப்பை மேடா இருந்துதாக்கா இது?" என்று பர்வீன் கேட்டாள். இல்லை, சோளம் விதைத்த காடு என்றேன்.

அப்போதுதான் ஜேசிபியின் முன்சக்கரம் மெதுவாகச் சாய்ந்தது. டிரைவர் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே குதித்தார். அவர் நின்ற இடத்திலும் மண் உள்ளே போனது. இவர் ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு நிமிஷம் எல்லாம் தூசி. தூசி அடங்கியதும் குழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்து உள்ளே கருங்கல் தெரிந்தது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, நீட்டிக்கொண்டு மூன்று கற்கள். படி.

கிணறு. மூடிய கிணற்றின் மேல் நாங்கள் ஹால் கட்ட இருந்தோம்.

சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பர்வீன் தண்ணீர் கொடுத்து, "உங்களுக்கு இங்க கெணறு இருந்தது தெரியுங்களாக்கா?" என்றாள்.

அப்பா காட்டில் கிணறு இருந்தது தெரியும். அந்தப் படியில்தான் நான் நீச்சல் பழகினேன். ஆனால் காட்டை நிரவி, ரோடு போட்டு, கல் நட்ட பிறகு எது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கிணறு ரோட்டுக்கு அடியில் போய்விட்டது என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

"தெரியாது" என்றேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். இவர் செய்தால் சண்டையாகிவிடும்.

"ஜேசிபிக்காரன் எங்க நெரவுனான்னு எனக்கெப்புடி அம்மிணி தெரியும்? நானும் உங்கூடத்தான் அதிர்ச்சியாகறேன். போச்சாது விடு, இன்ஜினியரு என்ன சொல்றான்னு பாரு."

பாவம், அவருக்கும் தெரியவில்லை. இவரிடம் அப்படியே சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு டெப்போவுக்குப் போனார். டிபன் பாக்ஸ் மேசையிலேயே இருந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

பர்வீன் கணக்கோடு வந்தாள். கிணற்றில் கொட்டியிருப்பது பாதிக்கு மேல் குப்பை. இன்னும் பத்து வருஷம் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் சாதாரணத் தூண் போட்டால் வீடு இரண்டாகப் பிளந்துவிடும். அடிப்பாறை வரைக்கும் பைல் என்கிற கான்கிரீட் தூண் இறக்கி, அதன்மேல் பீம் கட்டி, பிறகுதான் சுவர்.

"எவ்வளவும்மா?" என்றார் இவர்.

"எட்டரை லட்சம். கெணத்தோட ஆழம் சரியாத் தெரிஞ்சாக் கொஞ்சம் கொறையலாம்."

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வேறு ஏதோ எழுதியிருக்கும் என்று ஏன் நினைத்தேனோ.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஹாலில் டைல்ஸ் வேண்டாம், சிமெண்டுத் தரை. ஒரு படுக்கையறை வேண்டாம். தேக்கு நிலை வேண்டாம், வேம்பு. காம்பவுண்டு அப்புறம். யாழினியே போன் செய்து ஜன்னல் மேடையை எடுத்துவிடச் சொன்னாள். எல்லாம் எடுத்தும் ஐந்து லட்சம்கூட வரவில்லை.

"உங்கண்ணங்கிட்டப் போயி வாங்கிட்டு வர்றேன்" என்று இவர் எழுந்தார்.

"அவருக்குத் தெரியாம நடந்ததுக்கு அவரு எதுக்குங்க தரோணும்?"

இவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஏதோ என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 3, ஞாயிறு

கிணற்றின் ஆழம் தெரிய, பழைய மோட்டார் சர்வீஸ் கார்டு, கிணறு வெட்டிய காகிதம் எதாவது இருக்குமா என்று பார்க்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெளியூர். அண்ணி மட்டும் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் மஞ்சள் துணிப்பை ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"மாமா காயிதமெல்லாம் இதுலதான் இருக்குது. முழுசா எடுத்துட்டுப் போ அம்மிணி."

"பாத்துட்டு இங்கயே வெச்சுட்டுப் போறேனுங்க அண்ணி."

"இங்க வேண்டாம். ஊட்டுக்குப் போயி நிதானமாப் பாரு. திருப்பிக் குடுக்க அவசரமில்ல."

காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனவர், நான் கிளம்பும் வரை முகம் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து பையைத் தரையில் கொட்டினேன். நிலவரி கட்டிய கந்தாய ரசீதுகள். சர்வீஸ் கார்டு. கிணறு அறுபத்திரண்டு அடி என்று அப்பா பென்சிலில் எழுதிய தாள். அதற்குக் கீழே மடித்து நூல் கட்டிய முத்திரைத்தாள். உயில். 2011 ஜூன் மாதம் பதிவு செய்தது. அப்பா இறந்தது 2014.

வீடும் மேற்குக் காடும் அண்ணனுக்கு. அடுத்த வரியை அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி கிணறும், கிணற்றைச் சுற்றியுள்ள நாற்பது சென்ட் நிலமும் என் ஆயுளுக்குப் பின் என் மகள் தமயந்திக்குச் சர்வ சுதந்திரமாகச் சேர வேண்டியது."

என் நிலத்தில் ஐந்து சென்டைத்தான் நான் பதினாலு லட்சம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அந்தப் பதினாலு லட்சத்துக்காக யாழினிக்குச் சேர்த்த நகையை விற்றேன்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அப்பாவின் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சிகள்.

சாட்சி 1: க. குழந்தைவேல்.

இவர்.

மார்ச் 4, திங்கள்

காலை டூட்டி. எழுபத்தொரு ஊசி. ஒருவருக்கும் வலிக்கவில்லை என்றார்கள். கத்தரிக்காய் குழம்பு. இவர் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார்.

மார்ச் 6, புதன்

காலையில் டெப்போவுக்குக் கிளம்பும் முன் இவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உயிலைக் கொண்டுபோய் சீட்டின்மேல் வைத்தேன். பிரிக்கவில்லை. நூல் கட்டைப் பார்த்ததுமே துணி கையில் நின்றுவிட்டது.

"எப்பக் கெடச்சுது?" என்றார். இது என்ன என்று கேட்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மாமா கூப்புட்டு சாட்சி போடச் சொன்னாரு. நான் போனப்பறம் அவகிட்டச் சொன்னாப் போதும்னாரு. சொல்லோணும்னுதான் இருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு உங்கண்ணன் என்னையத் தனியாக் கூட்டிட்டுப் போனாரு. 'மாப்ள, இதை எடுத்தா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? மாமனார் படுத்துக் கெடக்கறப்ப மருமகன் பக்கத்துல நின்னு எழுதி வாங்கிட்டான்னுதான் பேசுவாங்க'ன்னாரு. எனக்குக் கூசிப்போச்சு தமயந்தி."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க கூச்சம்?"

"உன்கிட்டச் சொன்னா நீ சும்மா இருப்பியா? அப்பறம் உனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குமா?"

"அப்பறம் எதுக்கு அதே காட்டுல பதினாலு லட்சம்?"

இவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உனக்கு எழுதுன மண்ணுல நீ வீடு கட்டோணும். சும்மா வந்தாத்தான பேசுவாங்க. நம்ம காசு குடுத்து வாங்கிட்டா எவன் பேசுவான்? அதுக்காகத்தான் வாங்குனேன். அதுலயும் பாத்து, அந்தாளு கெணத்த நம்ம தலைல கட்டுவாருன்னு நெனைக்கல."

இதை மனதில் வைத்துக்கொண்டு பத்து வருஷம் பக்கத்தில் படுத்திருந்த மனிதர். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

இவர் போன் செய்து அண்ணனை மனைக்கு வரச் சொன்னார். பர்வீனும் வந்திருந்தாள். விஷயம் கொஞ்சம் புரிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் எதையோ அளந்துகொண்டிருந்தாள். அண்ணன் வந்து குழிக்கு ஓரமாக நின்றார். உயிலின் நகலை நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவர் கழுத்து வியர்த்துவிட்டது.

"இது எங்கிருந்து வந்துது?"

"பதிவு பண்ணுனதுதாங்ணா. நகல் வாங்கறது பெரிய வேலையா?" என்றேன். அண்ணியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

அண்ணன் இவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாப்ள, நாம பேசுனது என்ன?"

"பேசுனதுக்குத்தான் இவ்வளவு நாள் வாய மூடிட்டு இருந்தேன் மச்சான். அதுக்குக் கெணத்தக் குடுத்தீங்க."

"கெணறு எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதாங்ணா?" என்று நான் கேட்டேன். "நெஜமாச் சொல்லுங்க."

அண்ணன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியாளுக்கு வித்திருந்தா கேஸ் போட்டிருப்பான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சத்தமாகக்கூட இல்லை. தங்கச்சி கேஸ் போட மாட்டாள் என்பதற்காக எனக்கு விற்ற மனை. குறைத்துக் கொடுத்தாரே என்று நான் அண்ணிக்குப் புடவை எடுத்துக்கொண்டு போன மனை.

இவர் கை ஓங்கிவிட்டார். நான் நடுவில் போய் நின்றேன். அண்ணனுக்கும் குரல் ஏறியது.

"படுத்த படுக்கையா இருந்தவர மூணு வருசம் வெச்சுப் பாத்தது ஆரு? நானும் அவளும். எல்லாத்துக்கும் மேல, நீதான அம்மிணி கையெழுத்துப் போட்ட? உன் கையப் புடிச்சா போட வெச்சேன்? உயிலு தெரியாது, மயிலு தெரியாதுன்னு இப்ப வந்து நிக்கற."

"தெரியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றேன்.

இவர் கையை இறக்கினார்.

"அப்பா என்கிட்டயும் சொல்லியிருந்தாரு. ஞாயித்துக்கெழம குளிக்க வெக்க வருவேனில்ல, அப்ப ஒருநாள். 'கெணத்துக் காட்ட உம்பேருக்கு எழுதிட்டேன், ஆருகிட்டயும் இப்பச் சொல்லாத'ன்னாரு. தெரிஞ்சுதாங்ணா கையெழுத்துப் போட்டேன்."

"தெரிஞ்சும் எதுக்குப் போட்ட?" கேட்டது அண்ணன் இல்லை. இவர். நான் எதையோ திருடிவிட்டது போல என்னைப் பார்த்தார்.

நான் அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னேன். "நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு உங்க காருலதான போனோம்? முக்கா மணி நேரம். 'அம்மிணி, அப்பா உனக்கு எழுதியிருக்காரு. வேணுமா, வேண்டாமா?'ன்னு ஒரு வார்த்த கேப்பீங்கன்னு வழியெல்லாம் உங்க வாயவே பாத்துட்டு வந்தேன். கேட்டிருந்தா, வேண்டாங்ணா, நீங்களே வெச்சுக்குங்கன்னு சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன். நீங்க வண்டிய நிறுத்தி எளநி வாங்கிக் குடுத்தீங்க. அத்தோட ஆபீசு வந்துருச்சு."

அண்ணன் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார். ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பவில்லை.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் பத்து வருசம் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சிருக்கறோம்." பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

பர்வீன் போன் செய்தாள். குழியைத் திறந்தே வைத்திருந்தால் மாடு கன்று விழும், மூடிவிடலாமா, வேலையைத் தொடரலாமா என்று கேட்டாள். சுற்றிலும் தகரம் வைத்து அடைக்கச் சொன்னேன். தகரத்துக்கு நாலாயிரத்து இருநூறு.

இவர் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். பேச்சு குறைந்துவிட்டது. நேற்று யாழினி போனில், "ஏம்மா, வீடு கட்டறதையே விட்டுட்டீங்களா?" என்றாள். இல்லை கண்ணு, கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறோம் என்றேன்.

மார்ச் 15, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஊசி அறையில் எப்போதும் கூட்டம். தலை நிமிர நேரமில்லை. சீட்டை வாங்குவது, பெயரைப் பார்ப்பது, மருந்தை ஏற்றுவது. பதினொன்றரை இருக்கும். அடுத்த ஆள் என்றேன். சீட்டு வரவில்லை. நிமிர்ந்தால் அண்ணன். நாய் கடித்த ஒரு பையனுக்கும் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கும் நடுவில், வரிசையில் நின்று வந்திருக்கிறார். முகத்தில் நாலு நாள் தாடி.

"என்னாச்சுங்ணா?" என்று பதறிவிட்டேன். உடம்புக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல." சுற்றிலும் பார்த்தார். பிறகு யார் கேட்டாலும் பரவாயில்லை என்பது போல நேராகப் பேசினார். "அந்த நாப்பது சென்டுல பாக்கியெல்லாம் வித்துப்போச்சு. எட்டாம் நம்பரு மட்டும் நிக்குது. அஞ்சு சென்டு. அடியில கெட்டி மண்ணு, நாந்தான் உழுதேன், எனக்குத் தெரியும். ஏழ அப்படியே நீ வெச்சுக்க. எட்ட உம்பேருக்கு எழுதித் தர்றேன், பத்திரச் செலவு என்னுது. உங்க அண்ணிக்குச் சொல்லீட்டுத்தான் வந்தேன்."

பின்னால் நின்ற பெண், "சிஸ்டர், டைம் ஆச்சுங்க" என்றாள்.

அண்ணன் நகரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பவர் மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல், ஊசி டிரேயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அம்மிணி, உனக்கு வேணுமா, வேண்டாமா?"

பத்து வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான். வேண்டாங்ணா. அதைச் சொல்லும்போது எப்படிச் சிரிப்பது, அவர் கண் எப்படிக் கலங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். எத்தனை முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"வேணும்" என்றேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். "புதன்கெழம நாள் நல்லாருக்குது. பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துரு, மாப்ளயும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

அடுத்த பெண் கையை நீட்டினாள். மருந்தை ஏற்றினேன். பக்கத்து மேசை சிஸ்டரிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு, வெளியே வராண்டாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சத்தியம் செய்தேனே. அண்ணன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்று இவருக்கு எதிரில், அந்தக் குழிக்கு எதிரில் நின்று சொன்னேனே. அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.